பிளஸ் ஒன் மார்க்கை யாரும் கேட்கப்போவதில்லை, சரி. பாடத்தை யார் நடத்துவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த வாரத்தில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணக்கு எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான், அதனால் பிள்ளைகளின் மார்க் விஷயம் என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள், எனக்கும் அது பிடிக்கும்.

முதலில் வந்தது நான்கு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மா. பையன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 94 எடுத்தவன். இப்போது பிளஸ் ஒன் அரையாண்டில் அதே கணக்கில் 31. விடைத்தாளை நான்காக மடித்துப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதாம். "காலேஜ்ல சேர்றப்ப இந்த மார்க்கையும் பாப்பாங்களா மிஸ்? இப்பவே போச்சா?" என்று கேட்டார். கண் கலங்கி இருந்தது.

அடுத்த நாள் வந்தவர் ஒரு அப்பா. அவர் பெண் தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, சந்தோஷமாகவே இருந்தார். "இந்த வருஷத்துலேர்ந்து பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் கிடையாதே, அதனால பிளஸ் ஒன் போர்ஷனை செப்டம்பருக்குள்ள மேலோட்டமா முடிச்சுட்டு பிளஸ் டூ புக்கை ஆரம்பிச்சுட்டாங்க மிஸ். ஒரு வருஷம் கையில கிடைச்ச மாதிரி. பிளஸ் ஒன் மார்க்கை எங்கயும் கேக்க மாட்டாங்கதானே?" என்றார்.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இந்த அப்பாவுக்குச் சொன்ன பதிலை நானே இரவெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் உங்கள் நாளிதழ் வழியாக மற்ற பெற்றோருக்கும், பள்ளிக் கல்வித் துறைக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அம்மாவுக்குச் சொன்னது. நம் மாநிலத்தில் ஒன்பதாம் வகுப்பு மார்க்கைக் கல்லூரியில் யாரும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பு மார்க் எந்த குரூப் கிடைக்கும் என்பதற்கும், பாலிடெக்னிக், ஐடிஐ சேர்வதற்கும் வேண்டும். பொறியியல் கட்-ஆஃப் என்பது பிளஸ் டூ கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, மொத்தம் இருநூறு, அவ்வளவுதான், அதில் பிளஸ் ஒன்னுக்கு இடமே கிடையாது. மருத்துவத்துக்கு 2017-லிருந்து நீட் மார்க். ஐஐடி, என்ஐடிக்கு ஜேஇஇ, அதற்கு மேல் பிளஸ் டூவில் 75 சதவீதம் என்பது போன்ற ஒரு நிபந்தனை, அதுவும் பிளஸ் டூவில்தான். மாசம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களிலும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தாய் என்று பார்க்கிறார்களே தவிர ஆறிலும் ஒன்பதிலும் எத்தனை வாங்கினாய் என்று பார்ப்பதில்லை. வெளிநாட்டில், அதுவும் அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளிடம்தான் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாலு வருஷ மார்க்கையும் கேட்பார்கள். அங்கேயும் இடத்துக்கு இடம் மாறும். என் தம்பி குடும்பம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது, அங்கே அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் சராசரி எடுக்கும்போது பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மார்க்கைத்தான் எடுக்கிறார்கள், ஒன்பதாம் வகுப்புப் பாடங்களில் தேறியிருந்தால் போதும், அந்த மார்க் சராசரியில் சேராது. புதுப் பள்ளிக்குள் வந்த குழந்தை காலூன்ற ஒரு வருஷம் கொடுக்கிறார்கள் என்று தம்பி சொன்னபோது எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது.

நம் ஊரில் அந்தக் காலூன்றுகிற வருஷம் பிளஸ் ஒன். இதை வகுப்பறைக்குள் நின்றவர்களுக்குத்தான் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒரு ஆள் உயரம் என்றால் பிளஸ் ஒன் கணக்கு பனை உயரம். பத்தாவதில் மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் போட்டுப் பழகி 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை, ஜூன் மாசம் கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று ஆரம்பித்ததுமே திணறும், முக்கோணவியல் வரும்போது பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொள்ளும். அதில் எத்தனை பேர் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறியவர்கள், எத்தனை பேர் முதல் முறையாக விடுதியில் இருப்பவர்கள், எத்தனை பேர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். காலாண்டில் ஒற்றை இலக்கத்தில் மார்க் வாங்கி, அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் 95-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளின் பெயரை எழுத ஆரம்பித்தால் எனக்கு ஒரு நோட்டு போதாது. அதனால்தான் அந்த அம்மாவிடம் "31 போனால் போகட்டும்மா, எந்தக் கணக்கில் தப்பு விட்டான் என்று மட்டும் பார்ப்போம்" என்றேன். விடைத்தாளை விரித்துப் பார்த்தால், பையனுக்குக் கணக்கு வராமல் இல்லை, பாதிக்கு மேல் எழுதாமலே விட்டிருக்கிறான், நேரம் போதவில்லை. இது சரிசெய்யக் கூடிய விஷயம்.

முந்தைய வகுப்பு மார்க்கைக் கல்லூரிச் சேர்க்கையில் சேர்க்க வேண்டும் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். ஒரே நாள் தேர்வில் எல்லாவற்றையும் முடிவு செய்வதைவிட நாலு வருஷத்து உழைப்பைப் பார்ப்பது நியாயம்தானே என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் நாம் ஒரு வருஷம் கண்ணால் பார்த்தோம். 2021.

கொரோனா இரண்டாம் அலை. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்திருந்தது, எழுத்துத் தேர்வு தள்ளிப்போய் ஜூன் மாசம் ரத்தானது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு மார்க் போட்டாக வேண்டும். பத்தாம் வகுப்பில் அதிக மார்க் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20 சதவீதம், பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று அரசு முடிவு செய்தது. சிபிஎஸ்இ-யில் 30, 30, 40 என்று வேறு கணக்கு. அந்தச் சூழ்நிலையில் வேறு யாராக இருந்தாலும் இப்படி ஏதாவது ஒன்றைத்தான் செய்திருப்பார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஜூலை மாசம் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள்.

அவள் பத்தாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவள். அப்பா லாரி டிரைவர். 2019 ஜனவரியில் அவருக்கு விபத்து, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. மார்ச் மாசம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அந்தப் பெண் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கிளம்பிப் போய் எழுதினாள், ராத்திரி அம்மாவுக்குப் பதிலாக அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அவளுடைய மூன்று நல்ல பாடங்களின் சராசரி 68. அதற்குப் பிறகு ஃபீஸ் கட்ட முடியாமல் எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்து பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள். வந்த முதல் மாசம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அக்டோபரில் ஒரு நாள் நான் கரும்பலகையில் போட்ட ஈருறுப்புத் தேற்றக் கணக்கில் மூன்றாவது வரியில் தப்பு இருக்கிறது என்று எழுந்து நின்று சொன்னாள். இருந்தது. அன்றையிலிருந்து நான் அவளை விடவில்லை.

2020 மார்ச்சில் பிளஸ் ஒன் கணக்கு எழுத்துத் தேர்வில் 90-க்கு 81. 2021 ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு நடந்த திருப்புதல் தேர்வுகளில் 96, 97. அந்த வருஷம் பொதுத்தேர்வு நடந்திருந்தால் கட்-ஆஃப் 190-க்குக் குறைந்திருக்காது, இதை நான் அடித்துச் சொல்வேன். நடக்கவில்லை. கணக்குக்கு அவளுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு 68-க்கு 34, பிளஸ் ஒன் 81-க்கு 18, அகமதிப்பீட்டுக்கு முழுசாக 30. மொத்தம் 82. அதே பெஞ்சு வரிசையில் இருந்த ஒரு பையன், நல்ல பையன்தான், பத்தாம் வகுப்பில் சராசரி 98, அதற்கப்புறம் அவ்வளவாகப் படிக்கவில்லை, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வில் 90-க்கு 54. அவனுக்கு 49, 12, 30, மொத்தம் 91. இரண்டு வருஷமாக அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அந்தப் பெண். அரை மார்க்கில் நூற்றுக்கணக்கான பேர் முன்னால் போய்விடுகிற கலந்தாய்வில் அவள் ஒரே பாடத்தில் ஒன்பது மார்க் கீழே நின்றாள்.

அவள் மொத்த கட்-ஆஃப் கிட்டத்தட்ட 163. அந்த வருஷம்தான் பொறியியலுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது, அதிலாவது கிடைக்குமா என்று ஓடினோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அவள் பத்து வரை தனியார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மார்க் திருப்தி இல்லாதவர்கள் தனியாகத் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள், ஆனால் அதற்குள் வீட்டில் அப்பாவுக்கே கொரோனா வந்து, படிக்கிற நிலைமையில் அவள் இல்லை. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பத்தாவது படிச்சது வேற யாரோ மாதிரி இருக்கு மிஸ், அவளோட மார்க்கை ஏன் எனக்குப் போடுறாங்க?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அதனால் பிளஸ் ஒன் மார்க்கையோ பத்தாம் வகுப்பு மார்க்கையோ கல்லூரிச் சேர்க்கையில் சேர்க்க வேண்டும் என்று யாராவது மறுபடி பேச்செடுத்தால் நான் எதிர்த்துத்தான் பேசுவேன். பதினைந்து, பதினாறு வயசில் வீட்டில் நடப்பது எதுவும் குழந்தையின் கையில் இல்லை. நல்ல வீட்டு நிலைமை உள்ள குழந்தைக்கு நாலு வருஷமும் சீராகப் போகும், மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு வருஷம் இடி விழும்.

சரி, இப்போது அந்த அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தூக்கம் கெட்டது இதில்தான்.

பிளஸ் டூ முறை நம் மாநிலத்துக்கு 1978-ல் வந்தது, அதற்கு முன்னால் பதினொரு வருஷப் பள்ளிப் படிப்பும் கல்லூரியில் பியுசி என்கிற புகுமுக வகுப்பும். நான் இந்தப் புது முறையில் ஆரம்ப வருஷங்களில் படித்தவள். அப்போது எங்களுக்கு பிளஸ் ஒன் என்றால் பிளஸ் ஒன், ஒரு பாடமும் விடாமல் நடத்தினார்கள். பிறகு மெல்ல மெல்ல, பொறியியல் கல்லூரிகள் பெருகி, பொதுத்தேர்வு மார்க்தான் எல்லாம் என்று ஆன பிறகு, அதுவும் 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வும் இல்லை என்று ஆன பிறகு, பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் வகுப்பே இல்லாமல் போனது. ஜூன் மாசம் பிளஸ் ஒன் சேர்ந்த குழந்தையின் கையில் பிளஸ் டூ புத்தகம். இரண்டு வருஷமும் அதே புத்தகம், அதே கேள்விகள், காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளை ஊரே பிராய்லர் பள்ளி என்று சொன்னது, ஆனால் நாமக்கல் மட்டும் இல்லை, எல்லா மாவட்டத்திலும் இது நடந்தது. எங்கள் அரசுப் பள்ளிகளிலும் தப்பு இருந்தது, மறைக்க மாட்டேன். பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்துக்காக பிளஸ் ஒன் பீரியடை எடுத்து பிளஸ் டூவுக்குக் கொடுத்த வருஷங்கள் உண்டு, அதை நானும் செய்திருக்கிறேன்.

விளைவை நான் நேரில் பார்த்தேன். 2014, 15 வாக்கில் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். எங்கள் ஊர்ப் பையன், வெளியூர் விடுதிப் பள்ளியில் படித்து பிளஸ் டூ கணக்கில் 200-க்கு 200 வாங்கியவன். பொறியியல் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர். என் எதிரில் உட்கார்ந்து ஒரு தொகையிடல் கணக்கைப் போட்டான், நடுவில் சைன் இரட்டைக் கோண வாய்பாடு தேவைப்பட்டது. அவனுக்கு அது தெரியாது. தெரியாது என்றால் மறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முக்கோணவியல் பிளஸ் ஒன்னில் இருக்கிறது, அவன் பள்ளியில் அந்தப் பாடத்தைத் திறக்கவே இல்லை. இருநூறு வாங்கிய பையன் பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதான். அவனை முட்டாள் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். அவன் முட்டாள் இல்லை, ஒரு வருஷப் படிப்பை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2017-ல் அறிவித்து 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. ஒவ்வொரு வருஷமும் 600 மார்க், இரண்டையும் சேர்த்து 1200 என்பதுதான் முதலில் போட்ட திட்டம். அதைக் கேட்டதும் பெற்றோருக்குப் பெரிய பயம். 2018 செப்டம்பரிலேயே பிளஸ் ஒன் மார்க் உயர்கல்விச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளப்படாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த ஏற்பாடு நன்றாகவே இருந்தது. மார்க் கல்லூரிக்குப் போகாது, ஆனால் தேர்வு இருக்கிறது, அதனால் பாடம் நடத்தியே ஆக வேண்டும். அந்த வருஷங்களில் தனியார் பள்ளிகளும் பிளஸ் ஒன் கணக்கை முழுசாக நடத்தின. புதுப் பாடப் புத்தகமும் 2018 ஜூனில் வந்தது, கனமான புத்தகம்தான், இரண்டு தொகுதி, ஆனால் உருப்படியான புத்தகம்.

ஆனால் மூன்று வருஷம் தொடர்ந்து பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரிய பாரம் என்பதும் உண்மை. அரியர் வைத்துக்கொண்டு பிளஸ் டூ படித்த பிள்ளைகள் பட்ட பாட்டையும் பார்த்தவள் நான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26-லிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தபோது நிறையப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எனக்கும் ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், இதை எந்தப் பள்ளிகள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அன்றைக்கே வயிற்றைக் கலக்கியது. ஒரு கல்வியாண்டு முடிவதற்குள்ளேயே எங்கள் தெருவில் ஒரு அப்பா வந்து "செப்டம்பரிலேயே பிளஸ் டூ ஆரம்பித்துவிட்டார்கள்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்.

அவருக்கு நான் சொன்னது இதுதான். உங்கள் பெண்ணின் பிளஸ் ஒன் மார்க்கை எந்தக் கல்லூரியும் கேட்காது, உண்மை. ஆனால் நீட் பாடத்திட்டமும் ஜேஇஇ பாடத்திட்டமும் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் சேர்ந்தது, ஏறக்குறையப் பாதிக் கேள்வி பிளஸ் ஒன்னிலிருந்து வரும். இயற்பியலில் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வேதியியலில் கரிம வேதியியலின் அடிப்படை, உயிரியலில் மனித உடலியங்கியலில் பெரும் பகுதி, எல்லாம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது. அந்தத் தேர்வுகள் எழுதவில்லை, பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்றாலும் கூட, எல்லைகளும் வகைநுண்கணிதமும் தெரியாமல் பிளஸ் டூவில் வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள் எப்படிப் புரியும்? வெக்டர் இயற்கணிதம் பிளஸ் ஒன்னில் ஆரம்பித்து பிளஸ் டூவில் தொடர்கிறது. நிகழ்தகவும் அப்படித்தான். அஸ்திவாரம் போடாமல் மாடி எழுப்பினால் ஒரு வருஷம் மிச்சமாகாது அண்ணா, அந்த ஒரு வருஷத்தைக் கல்லூரிக்குப் போய் இரண்டு வருஷமாகக் கட்ட வேண்டி வரும் என்றேன். அவர் கொஞ்சம் கோபப்பட்டார். பள்ளிக்காரர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது.

அப்புறம் அந்தப் பெண்ணைப் புத்தகத்தோடு வரச் சொன்னேன். வந்தாள். பிளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதி. வாங்கி ஏழு மாசம் ஆன புத்தகம், திறந்தால் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன, அச்சு மை வாசனை கூடப் போகவில்லை. தொகை நுண்கணிதப் பாடத்தில் ஒரு பென்சில் கோடு கூட இல்லை. அதே பையிலிருந்த பிளஸ் டூ முதல் தொகுதி மூலை மடிந்து, ஓரம் கிழிந்து, ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் "இம்ப்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அப்பா இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிக்கிற பெற்றோர் இன்றைக்கே செய்யக் கூடியது இது ஒன்றுதான், உங்கள் பிள்ளையின் பிளஸ் ஒன் புத்தகங்களின் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். மார்க் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். புத்தகம் புதுசாக இருந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், தனியாகப் போக வேண்டாம், நாலு பெற்றோர் சேர்ந்து போங்கள், தனியாகப் போனால் உங்கள் பிள்ளையை ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், எனக்குத் தெரியும்.

துறைக்குச் சொல்வது என்னவென்றால், பொதுத்தேர்வை எடுத்ததில் எனக்கு எதிர்ப்பு இல்லை, ஆனால் அது இருந்த இடத்தைக் காலியாக விட்டுவிட முடியாது. பிளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் அரசு, தனியார் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுங்கள், மார்க்கைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளட்டும், எந்தச் சான்றிதழிலும் வர வேண்டாம். அதைவிட முக்கியமாக, பிளஸ் டூ பொதுத்தேர்வுக் கேள்வித்தாளில் பிளஸ் ஒன் பாடம் தெரிந்தால்தான் எழுத முடியும் என்கிற கேள்விகள் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். இப்படி ஒன்று வரும் என்று தெரிந்துவிட்டால் எந்தப் பள்ளியும் பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்காது, ஆய்வுக்கு ஆள் அனுப்ப வேண்டிய அவசியம் கூட இருக்காது. முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஆய்வுக்குப் போனாலும் பள்ளி காட்டுகிற பாடக் குறிப்பேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், ஏதாவது ஒரு பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கட்டும்.

இன்னொரு விஷயமும் பயமாக இருக்கிறது. 2018-க்கு முன்னால் பிளஸ் ஒன் பள்ளி அளவிலான தேர்வாக இருந்தபோது, பல பள்ளிகளில் அதை வடிகட்டியாக வைத்திருந்தார்கள். பிளஸ் டூவில் தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை பிளஸ் ஒன்னில் ஃபெயில் போட்டு, அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, டிசி வாங்கிக்கொண்டு போங்கள் என்பார்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுவதற்காக அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஜூன் மாசம் எங்கள் அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள், சில பேர் வராமலே நின்றுபோவார்கள். பொதுத்தேர்வு இருந்த வருஷங்களில் பிளஸ் ஒன்னில் தவறினாலும் பிளஸ் டூவுக்குப் போகலாம் என்று இருந்ததால் இது குறைந்திருந்தது. இப்போது தேர்வு மறுபடியும் பள்ளியின் கைக்குப் போகிறது. பிளஸ் ஒன் மார்க்கைக் காரணம் காட்டி ஒரு குழந்தைக்கும் டிசி கொடுக்கக் கூடாது என்று இந்த ஏப்ரலுக்கு முன்னால் தெளிவாக ஒரு உத்தரவு போட வேண்டும். ஜூனில் போட்டால் பிரயோஜனம் இல்லை, அதற்குள் பேர் அடித்துவிடுவார்கள்.

அந்த 31 மார்க் பையன் இப்போது தினமும் சாயந்திரம் ஐந்தரைக்கு என் வீட்டுக்கு வருகிறான், கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகுகிறோம். அந்தப் பெண்ணும் போன சனிக்கிழமையிலிருந்து வருகிறாள். முக்கோணவியலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம், பொங்கல் லீவுக்குள் எல்லைகள் பாடம் வரை வந்துவிடலாம். 2021-ல் என்னிடம் படித்தவள் தனியார் கல்லூரி ஒன்றில் கடன் வாங்கிப் பொறியியல் முடித்து இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள், கடன் இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. ஊருக்கு வரும்போது அவளும் வந்து இவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித முதுகலை ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.